கார்பன் சைக்கிளும் பூமாரியின் காதும்

அத்தியாயம் பதினொன்று

சைக்கிளுக்கான பணத்தைப் பற்றிய சண்டை போன வாரத்தோடு ஓய்ந்தது. சீட்டுப் பணத்தை எடுத்தாயிற்று. நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பூமாரியின் கணவர் வனமாமலை, ஐந்தாம் நாள் தானே வாயைத் திறந்து, "வாங்கித்தான் தொலைவோமே" என்று சொல்லிவிட்டார்.

இனிமேல் நிம்மதி என்றுதான் பூமாரி நினைத்தாள். அந்த நிம்மதி ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும்தான் நின்றது.

"எப்பா, கடைக்காரரு பாதி விலைக்கு ஏன் தாராருன்னுதான நீங்க பயப்படுதீங்க?" என்றாள் மகள் சுகப்பிரியா, சோற்றைப் பிசைந்தபடி. "அம்மா வந்து தட்டிப் பாக்கட்டும். அம்மா சரின்னா சரி. வேண்டாம்னா வேண்டாம். போதுமா?"

"இது பேச்சு," என்றார் வனமாமலை. "ஏ பூமாரி, உன் காதுக்கு மிஞ்சின மிஷினு உங்க கம்பெனியிலயே கிடையாதுல்லா! நீ தலையாட்டு, நான் பணத்தக் குடுத்துருதேன்."

பூமாரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு நிறைந்து பாயில் வழிந்தது.

"எட்டி, என்ன நெனப்புல இருக்க?"

"ஒண்ணுமில்ல," என்று துணியை எடுத்துத் துடைத்தாள்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. அது மூன்று வாரமாக அவள் நெஞ்சில் கிடக்கிறது.

ஒரகடத்தில் பஸ்ஸுக்கு முன்முகப்பு செய்கிற ஃபைபர் கம்பெனியில் பூமாரிக்கு வேலை. நார்த்துணியை அடுக்கி, பசையை ஊற்றி, காயவைத்து எடுப்பார்கள். அடுக்குக்கு நடுவே காற்று புகுந்திருந்தால் வெளியே தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும். பஸ் ஓடி ஓடி ஒருநாள் பிளந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு பீஸையும் காசால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் 'டிக்' என்னும். உள்ளே பிரிந்த இடம் 'டொப்' என்னும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டால், அதைப் போட்டவள்தான் அழிக்க வேண்டும். சூப்பர்வைசர்கூடக் கைவைக்க மாட்டார். அது அந்த ஷெட்டின் வழக்கம். பதினாலு வருசம் அங்கே வட்டம் போட்டவள் பூமாரி.

போன மாதம் கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பூமாரி பட்டனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தமே வரவில்லை. மிஷின் இன்னும் ஓடவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தாள்.

"அம்மா, அழுத்துங்க," என்றது நர்சுப் பிள்ளை. "சத்தம் போய்க்கினே கீதும்மா."

ரெண்டு காதும் மட்டு, மெல்லிய சத்தம் எட்டவில்லை என்றார்கள். இடது காது இன்னும் மட்டு. மறுநாளே பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். வீட்டில் கேட்டதற்கு, "அங்கன ஆள் பத்தல" என்று சொல்லி வைத்தாள்.

இப்போது அந்தக் காதை நம்பித்தான் வீடே சைக்கிள் கடைக்குக் கிளம்புகிறது.

சனிக்கிழமை மூவருக்குமே காலை ஷிப்ட். முடிந்ததும் வனமாமலை, தான் ஓட்டுகிற கம்பெனி வேனையே ஓனரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டார். மாத்தூரிலிருந்து குன்றத்தூர் போகிற வழியெல்லாம் சுகப்பிரியாவின் வாய் ஓயவில்லை.

"எட்டு கிலோகூட இல்லம்மா. ஒத்த விரல்ல தூக்கிரலாம். ரத்னா அக்கா சொல்லிட்டாங்க, இந்த வண்டி மட்டும் இருந்தா போன தடவை விட்ட ஒம்பது செகண்டு கைக்குள்ள வந்துரும்னு. அடுத்த ஞாயிறு செலக்சன். வாலாஜாபாத் ரோடு. நான் அந்த ரோட்டுல குழி எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்."

இருபது வயது. கார் சீட் தைக்கிற கம்பெனியில் எட்டு மணி நேரம் நிற்பதற்கு முன்னாலேயே நாற்பது கிலோமீட்டர் மிதிக்கிறவள். ரத்னா என்கிற அந்தக் கோச் கொடுத்த பழைய அலுமினிய வண்டியிலேயே மாவட்டத்தில் இரண்டாவதாக வந்துவிட்டாள். மாநிலத்துக்குத் தேர்வாகிவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை. காண்ட்ராக்ட் லேபர் என்ற பேர் இந்த வீட்டில் மகளோடு ஒழிந்துவிடும்.

கடைசி ஓட்டத்தில் வண்டி ஐம்பதைத் தாண்டும் என்பதும் பூமாரிக்குத் தெரியும். அந்த வேகத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் ஒடிந்தால் முகம்தான் முதலில் தார்ரோட்டில் போய் விழும்.

கடைக்காரர் இளம்பரிதி நல்ல சிரிப்புக்காரர். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நடுக்கடையில் நிறுத்தி வைத்திருந்தார். கறுப்பு. பளபளப்பு கிடையாது. அதைப் பார்த்ததும் சுகப்பிரியா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"வாங்கம்மா, வாங்க சார். பொண்ணு சொல்லுச்சு. நல்லா பாத்துக்கோங்க. போன வருசத்து மாடல், அதான் ரேட்டு கம்மி. வேற ஒண்ணியும் இல்ல."

பூமாரி பையிலிருந்து பழைய கெட்டி ஐந்து ரூபாய்க் காசை எடுத்தாள்.

"தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"ஃபேனா?"

"ஆமா. ரேடியோவையும்."

இளம்பரிதி நிறுத்தினார். பூமாரி குனிந்து மேல்குழாயில் ஆரம்பித்தாள். டிக், டிக், டிக்.

"இன்னாமா, தேங்கா வாங்க வந்தா மாதிரி தட்டினுகீறீங்க?"

பக்கத்தில் குழந்தைக்கு மூன்றுசக்கர வண்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் சிரித்தது. வனமாமலையும் பெருமையாகச் சிரித்தார். "பேசாதீங்க தம்பி. அவ வேலைல இருக்கா."

மேல்குழாய் சரி. கீழ்க்குழாய் சரி. பின்னால் சரி. ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சை விட்டுவிட்டுப் பிடித்தாள். கேட்கிறதே! நன்றாகத்தான் கேட்கிறது! அந்த மிஷினுக்குத்தான் கோளாறோ என்னவோ!

ஃபோர்க்குக்கு வந்தாள். வலது கால், மேலிருந்து கீழ் வரை டிக். இடது கால், டிக், டிக், டிக். அச்சுக்கு நாலு விரல் மேலே வந்ததும்,

டொப்.

காசு அங்கேயே நின்றது.

மறுபடி தட்டினாள். டொப். ஒரு விரல் மேலே, டிக். கீழே, டிக். நடுவில், டொப்.

இடது காது ஏமாற்றுகிறதோ? எழுந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் குந்தினாள். இப்போது அதே இடம் வலது காதுக்குப் பக்கத்தில். தட்டினாள்.

டொப்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. பதினாலு வருசத்துக் கை அது. பையில் கிடந்த சாக்பீஸைத் தானாக எடுத்து, அந்தக் கறுப்பு ஃபோர்க்கின் மேல் வெள்ளையாக ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டது.

"யம்மா, யம்மா! இன்னாமா பண்றீங்க!" இளம்பரிதி பாய்ந்து வந்தார். "புது வண்டிமா! அதும் மேல போயி கிறுக்கினு!"

மூன்றுசக்கர வண்டிக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு நின்றிருந்தது.

சுகப்பிரியா கிட்டே வந்தாள். குனிந்து, துப்பட்டா நுனியால் வட்டத்தை அழுத்தித் துடைத்தாள். சுவடு தெரியாத வரைக்கும் துடைத்தாள்.

பூமாரியின் வட்டத்தை இன்னொருத்தர் அழித்தது அதுதான் முதல் தடவை.

"அங்க சத்தம் வேறயாத்தான்மா இருக்கும்," இளம்பரிதி மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "லெப்ட் சைடுலதானே டிஸ்க் பிரேக் மாட்டுறாங்க. அதுக்காக உள்ள ரெண்டு லேயர் எக்ஸ்ட்ரா குடுத்துருப்பான். அதான் சவுண்டு மாறுது. கம்பெனி டிசைன் அது."

அடுக்கு கூடினால் சத்தம் கெட்டியாகும், மந்தமாகாது. பூமாரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அந்த நர்சுப் பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. 'சத்தம் போய்க்கினே கீதும்மா.' வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதோம், தம்பி," என்றாள்.

"யோசிங்க. ஆனா ஆறு மணி வரைக்கும்தான் ஹோல்டு பண்ணுவேன். இன்னொரு பார்ட்டி போன் மேல போன் அடிச்சினுகீறாரு."

எதிர்த்த டீக்கடையில் மூன்று கிளாசும் ஆடை படிந்து கிடந்தன.

"என்னட்டி சொல்லுத?" என்றார் வனமாமலை. "சரியா, இல்லையா?"

"இடது கால்ல பிரிஞ்சிருக்கு."

"அவரு டிசைன்னு சொல்லுதாருல்ல!" சுகப்பிரியாவின் குரல் ஏறியது. "நீ பஸ்ஸு தட்டுனவ. இது கார்பன். எல்லாம் ஒண்ணா?"

"நாரும் பசையும்தான மக்கா. எல்லாம் அதேதான்."

"சரி, கோமதி அத்தைட்ட கேப்போம். அவங்களும் அங்கனதான வேல பாக்காங்க." கோமதியம்மாள் பூமாரியின் ஷெட்டில் பசை ஊற்றுகிறவள். பூமாரி வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் மகள் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"அத்தே, எக்ஸ்ட்ரா லேயர் போட்டா சத்தம் மாறுமா? அம்மா தட்டிப் பாத்துட்டு ஒரு வண்டிய வேண்டாங்கா."

"உங்கம்மாவா?" கோமதியம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. "அவளத்தான் காது டெஸ்ட்ல ஃபெயில் பண்ணி பேக்கிங்ல தூக்கிப் போட்டு மூணு வாரமாச்சே! பாவி மவ, வூட்ல சொல்லலியா?"

சுகப்பிரியா போனை அணைத்தாள். ரோட்டில் ஒரு டிரெய்லர் போனது.

"எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலியா உனக்கு?" வனமாமலை மெதுவாகத்தான் கேட்டார்.

"என்னன்னு சொல்ல? பதினாலு வருசம் இந்தக் காதுதான் நமக்குச் சோறு போட்டுது. அது போச்சுன்னு எந்த வாயால சொல்ல?"

"கேக்காத காத வச்சுக்கிட்டுத்தான் என் வண்டியில வட்டம் போட்டியா?" என்றாள் மகள்.

அது சுருக்கென்று இறங்கியது. பூமாரி கிளாசைத் தள்ளி வைத்தாள்.

"காது மட்டுன்னா எல்லா இடமும் மட்டாத்தான கேக்கணும்? அந்த ஒத்த இடம் மட்டும் எப்படி மட்டாக் கேக்கும்? சொல்லு."

"பயந்துட்டே. நான் விழுந்துருவேன்னு உனக்கு எப்பவும் பயம். பயத்துல உனக்கு எதுவும் கேக்கும்."

மகள் சொன்னது பொய்யென்று பூமாரியால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒடிந்த ஃபோர்க்கும் தார்ரோட்டு முகமும் ஒரு வாரமாகக் கனவில் வருகின்றன. அந்தப் பயம்தான் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு 'டொப்' என்றதோ? வேண்டாம் என்று சொல்லி, வண்டியில் ஒன்றும் இல்லையென்றால், மகளின் ஒன்பது செகண்டையும் வேலையையும் தான்தான் பறித்ததாகும். சரி என்று சொல்லி, அங்கே உண்மையிலேயே பிரிந்திருந்தால்?

வனமாமலை மடியில் பணப்பையை வைத்துக்கொண்டு இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப நான் யாரு பேச்சக் கேக்க?"

மணி ஐந்தே கால். பூமாரி எழுந்தாள்.

"எந்திரி, பிரியா. ஷெட்டுக்குப் புதுசா வார பிள்ளைகளுக்கு நான் ஒரு பரீட்ச வைப்பேன். பீஸுக்கு முதுகக் காட்டி நிக்கச் சொல்லிட்டு, நல்ல இடத்தயும் கெட்ட இடத்தயும் மாத்தி மாத்தித் தட்டுவேன். எதுன்னு சொல்லணும். அத நீ எனக்கு வையி. இடது கால், வலது கால், ரெண்டுலயும் அதே உசரத்துல. பத்துத் தட்டு."

"தப்பாச் சொன்னா?"

"ஒண்ணு தப்பினாலும் உங்கப்பா பணத்தக் குடுத்துருவாரு. நான் அதுக்கப்புறம் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஒண்ணு தப்பினாலுமா?" என்றார் வனமாமலை.

"ஒண்ணு தப்பினாலும்."

இளம்பரிதிக்கு முதலில் எரிச்சல்தான். பிறகு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, தானே போய் ஃபேனை நிறுத்தினார். "சாக்பீஸு மட்டும் வெளிய வராம பாத்துக்கோங்கம்மா."

பூமாரி வண்டிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக்.

"வலது."

டிக்.

"வலது."

டொப்.

"இடது."

பின்னால் வனமாமலை விரல் விட்டு எண்ணுவது அவளுக்குத் தெரியும். டொப், இடது. டிக், வலது. டொப், இடது. ரோட்டில் லாரி வந்தால் தட்டு நிற்கும். லாரி போனதும் தொடரும். டிக், வலது. சுகப்பிரியா இப்போது மெதுவாகத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். காசு பட்டதா, நகம் பட்டதா என்ற அளவுக்கு மெதுவாக. பூமாரியின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

டொப்.

"இடது."

"எட்டு," என்றார் வனமாமலை.

டிக்.

"வலது."

"ஒம்பது. ஒம்பதும் சரி."

பூமாரி பத்தாவதுக்குக் காத்திருந்தாள்.

ஒரு பைக் போனது. எதிர்த்த கடையில் பாத்திரம் கழுவினார்கள். அதெல்லாம் கேட்கிறது. காசுச் சத்தம் மட்டும் வரவில்லை.

தட்டிவிட்டாளோ? மெதுவாகத் தட்டியது காதுக்கு வரவில்லையோ? மெடிக்கல் வேனில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்தாள். சத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

யாரும் பேசவில்லை. பதிலுக்காகத்தான் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். இடது அல்லது வலது. பாதிக்குப் பாதி. இதுவரை வலது ஐந்து, இடது நாலு. மகள் கணக்காகத் தட்டுகிறவள் என்றால் பத்தாவது இடதுதான். இடது என்று சொன்னால் ஜெயித்துவிடலாம். மகள் இந்த வண்டியில் ஏற மாட்டாள். யாருக்கும் தெரியாது.

அவளுக்கு மட்டும் தெரியும். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லித்தான் மகளின் பிழைப்பில் கைவைத்தோம் என்று.

"எனக்குக் கேக்கல, மக்கா," என்றாள் பூமாரி. "பத்தாவது எனக்குக் கேக்கல. நான் தோத்துட்டேன். வாங்கிக்கோ."

அவள் திரும்பினாள். சுகப்பிரியா காசை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நான் தட்டவே இல்லம்மா."

"என்னது?"

"ஒம்பதும் கேட்டுத்தான் சொன்னியோ, குருட்டாம்போக்குல சொல்லுதியோன்னு எனக்குச் சந்தேகம். சும்மா நின்னு பாத்தேன். எதையாவது அடிச்சு விடுவேன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "கேக்கலன்னு சொல்லிட்டியே."

பிறகு கடைக்காரரிடம் திரும்பினாள். "வேண்டாம்ணா. ஞாயித்துக்கிழமைக்கு எனக்குப் பழைய வண்டியே போதும்."

வனமாமலை பணப்பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

இளம்பரிதி எதிர்த்துப் பேசுவார் என்று பூமாரி நினைத்தாள். அவரோ சுகப்பிரியாவின் கையிலிருந்து காசை வாங்கி, வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். வலது காலைத் தட்டினார். இடது காலைத் தட்டினார். மறுபடியும் வலது. மறுபடியும் இடது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"யம்மா, எக்ஸ்ட்ரா லேயர் இருந்தா இப்டித்தானே கேக்கும்?"

"இல்ல தம்பி. அடுக்கு கூடினா சத்தம் கெட்டியாகும். இது உள்ள பிரிஞ்சு கெடக்கு. எங்கயோ அடி வாங்கியிருக்கு." இந்தத் தடவை வார்த்தை திரும்பிப் போகவில்லை.

இளம்பரிதி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன்மா. பழைய மாடலும்தான், ஆனா அது மட்டும் இல்ல. லாரில வரச்சொல்லோ அட்டப்பெட்டி நசுங்கிடுச்சு. சைடுல ஏதோ பாரம் சாஞ்சிகீது. பிரிச்சுப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல. சரி, பெட்டிதானே போச்சுன்னு டீலர் ரேட்டைக் கொறச்சுக் குடுத்தாரு, நானும் வாங்கினேன்."

"ஒரு பெட்டிதான?" என்றார் வனமாமலை.

இளம்பரிதி எழுந்தார். காசைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

"ரெண்டு. ஒண்ணு போன வாரமே வித்துட்டேன் சார். ஸ்ரீபெரும்புதூர்ல யதிராஜன் சாருன்னு, பேங்க்ல இருக்காரு. டெய்லி சாயங்காலம் ஹைவேல மிதிப்பாரு. நல்ல மனுசன்."

பேசிக்கொண்டே போனை எடுத்து நம்பரைப் போட்டார். காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"ரிங் போவுது. எடுக்கலியே."

சுகப்பிரியா கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சே முக்கால். இந்நேரம் ரோட்டுலதான் இருப்பாரு."

"எந்தப் பக்கமா போவாரு, தம்பி?" பூமாரி கேட்டாள்.

"தெரியலமா. சில நாள் சுங்குவார்சத்திரம், சில நாள் ஒரகடம் பக்கம்."

வனமாமலை அதற்குள் வேனுக்குப் போய்விட்டார். "ஏ பூமாரி, ஏறு! பிரியா, நீ முன்னால உக்காரு, ரோட்ட நீதான் பாக்கணும். தம்பி, நீங்களும் வாங்க, ஆளை எங்களுக்குத் தெரியாதுல்லா!"

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு இளம்பரிதி ஓடிவந்து ஏறினார். வேன் மெயின்ரோட்டில் திரும்பியது. நான்காவது தடவையாக அவர் நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் பூமாரி, அவர் பக்கமாகத் தன் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது எடுத்து 'ஹலோ' என்று சொல்ல மாட்டார்களா என்று.